டவுன்ஷிப் நாறிய காலை

காலை ஏழே முக்காலுக்குக் கமலா பீரோவின் உள்ளறையைத் திறந்தாள். நகைப்பெட்டி இல்லை. பெட்டி உட்கார்ந்திருந்த பட்டுப்புடவையில் அதன் அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. மகள் காயத்ரியின் கல்யாணத்துக்கென்று அவள் பிறந்ததிலிருந்து சேர்த்த நகை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வந்தால் நகையைப் பார்க்காமல் எழுந்து போகிற ரகமில்லை அவர்கள்.

எட்டரைக்குச் சப்-இன்ஸ்பெக்டர் எழில்மதி அந்தக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஜீப்பை விட்டு இறங்கினாள். இறங்கியதும் மூக்கைச் சுளித்தாள். நாற்றம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. பூண்டும் அழுகிய முட்டைக்கோஸும் சேர்ந்த மாதிரி, சமையல் கேஸ் கசிந்தால் வருமே, அது.

விடியும் முன்பே அது தொடங்கியிருந்தது. முதலில் இந்தத் தெற்கோரத்து பிளாக். பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. ஆறரைக்குள் நெய்வேலி டவுன்ஷிப் முழுதும் நாறியது. ஜனங்கள் நைட்டியும் லுங்கியுமாக மைதானங்களுக்கு ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. சாக்கடை மூடிகளைத் திறந்து பார்த்தார்கள், கேஸ் அளக்கும் கருவியை நீட்டிப் பார்த்தார்கள். எங்கேயும் கசிவு இல்லை. ஆனால் வாட்ஸப்பில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. மைன்ஸில் பூமி பிளந்துவிட்டது என்றான் ஒருவன். கடற்கரைப் பக்கத்து ஆலையிலிருந்து காற்றில் வருகிறது என்றான் இன்னொருவன். காண்ட்ராக்ட் ஆட்கள் கொட்டகையில் எதையோ காய்ச்சுகிறார்கள் என்று மூன்றாமவன் போட்டான். கட்டைவிரல்கள் அதிகம் விழுந்தது அதற்குத்தான். எந்த நாற்றமானாலும் அது வேலிக்கு வெளியே இருப்பவனிடமிருந்துதான் வரும் என்பதில் எல்லா பிளாக்கும் ஒற்றுமை.

எழில்மதி அந்த வேலிக்கு வெளியே வளர்ந்தவள். வளையமாதேவிப் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பம். சுரங்கத்துக்கு நிலம் போனவர்களுக்கு நஷ்டஈடு, நிலமே இல்லாதவர்களுக்கு என்ன ஈடு என்று யாரும் யோசிக்காத காலத்தில் அவள் அம்மா சித்தாளாகி, இந்த டவுன்ஷிப்பில் மணல் சுமந்தாள். அதனால் எழில்மதிக்கு இந்தச் சுவர்களின் மேல் மரியாதை உண்டு. உள்ளே இருப்பவர்கள் விஷயம் வேறு.

ஷெட்டில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. தை மாதத்துப் பனி மூட்டத்தில் நான்கு கண்ணாடிகளும் அடிவரை இறங்கியிருந்தன. அவள் அதைத் தாண்டி உள்ளே போனாள்.

சங்கரலிங்கம் ஹாலில் நின்றுகொண்டிருந்தார். பாதுகாப்புப் பிரிவில் பெரிய அதிகாரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தலை நரைத்தவர். சோபாவைக் காட்டி உட்காரச் சொல்லவில்லை. கான்ஸ்டபிள் தமிழ்மாறனைப் பார்க்கவே இல்லை.

"இன்ஸ்பெக்டர் வரலியா?" என்றார்.

"நான் வந்திருக்கேன் சார். சொல்லுங்க."

"சொல்ல என்ன இருக்கு? வீடு திறந்து கிடந்தது. வேலைக்காரி உள்ள போனா. நகை போச்சு. கணக்குப் போட டிகிரி வேணுமா?"

"நாத்தம் முதல்ல யாருக்குத் தெரிஞ்சது?"

"எனக்குத்தான். வாக்கிங் முடிச்சு வந்தேன், கொஞ்ச நேரத்துல மூக்கு சொல்லிடுச்சு. இத்தனை வருஷம் சேஃப்டில இருக்கேன். தெருவையே எழுப்பி மைதானத்துக்கு ஓட்டினது நான். ஒரு ஆள் டார்ச் அடிச்சுக்கிட்டு வர்றான். பிடுங்கிக் கீழ போட்டேன். ஒரு பொறி போதும்மா. ஸ்விட்ச்சுக்குள்ள வர்ற பொறி கண்ணுக்கே தெரியாது. எலும்பைப் பொறுக்கக்கூட ஆள் இருந்திருக்காது."

"பீரோவை உடைக்கலையே சார். சாவி?"

"அதுலயே தொங்கிச்சு. முக்கியமான பேப்பரெல்லாம் எடுக்கலாம்னு திறந்தேன். அப்புறம் உயிர்தான் பெரிசுன்னு அப்படியே விட்டுட்டு ஓடிட்டேன்."

எழில்மதி கமலாவிடம் திரும்பினாள். "நகையை நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நேத்துகூடப் பார்த்தேன் மேடம். புடவை எடுக்கத் திறந்தேன், பெட்டி இருந்துச்சு."

"பெட்டியைப் பார்த்தீங்களா, நகையைப் பார்த்தீங்களா?"

கமலா விழித்தாள். "பெட்டிக்கு பூட்டு உண்டு. சாவி இவர்கிட்டதான் இருக்கும்."

"காலைல உங்களுக்கா பீரோவைப் பார்க்கணும்னு தோணுச்சா?"

"இவர்தான், வீடு திறந்து கிடந்துச்சே, எதுக்கும் பீரோவைப் பாருன்னார்."

"நல்ல வேளை சொன்னேன்" என்றார் சங்கரலிங்கம். "நேரத்தை வீணாக்காதீங்கம்மா. மைதானத்துலேருந்து திரும்பிப் பார்க்கிறேன், மாணிக்கம்மாள் எங்க பின்வாசல்லேருந்து வெளிய வர்றா. உள்ள வேற யாரு இருந்தா? அவ புருஷன் பாவாடை மைன்ஸ்ல காண்ட்ராக்ட். சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி அவன் பாஸை நிறுத்திட்டேன். திருட்டுக் குடும்பத்தைக் கேட்டுக்குள்ள விடக்கூடாது பாருங்க."

"கேஸே இன்னும் எழுதல சார்."

"அதை எழுதுறது உங்க வேலை. என் வேலையை நான் முடிச்சுட்டேன்."

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டரும் அதையேதான் போனில் சொன்னார். வேலைக்காரியைக் கொண்டுவந்து உட்கார வை, பொழுது சாய்வதற்குள் ஒத்துக்கொள்வாள். வடக்குத்து கிராமத்தில் மாணிக்கம்மாளின் தெருவே வாசலில் நின்று பார்த்தது, அவளை ஜீப்பில் ஏற்றியதை.

பகல் பன்னிரண்டு. ஸ்டேஷனில் பெஞ்சு காலியாக இருந்தும் மாணிக்கம்மாள் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைகள் சோப்புத் தண்ணீரில் வெளுத்திருந்தன.

"மேல உக்காருக்கா."

"இருக்கட்டுங்க."

"காலைல என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு."

"வேலைக்கு வந்துகினு இருந்தேங்க. பிளாக்குக்குள்ள நுழையறேன், கேசு நாறுது. எல்லாம் தூங்கிகினு கெடக்குமேன்னு நாலஞ்சு வூட்டுப் பின்கதவ தட்டிகினே வந்தேன். இவங்க வூடு தொறந்து கெடந்துது. கூப்ட்டேன், சத்தமில்ல. அந்தப் பொண்ணு ரூமுல படுத்துகினு இருந்தா என்னா பண்றது? உள்ள போயி ரூமுல எட்டிப் பார்த்தேன், சிலிண்டர மூடனேன், வந்துட்டேன். அவ்ளோதாங்க."

"பீரோ?"

"அந்த ரூமுக்குள்ளாரயே போவலைங்க. பெருக்கறதுக்கே அந்தம்மா கூட நிக்கும்."

"பத்திக்கும்னு பயமில்லையா உனக்கு?"

"பயந்தான். அதுக்குன்னு?"

அவளுக்குத் தன்னைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. மூன்று தடவை பாவாடையைப் பற்றித்தான் கேட்டாள். இரண்டாவது ஷிப்டுக்குப் போன மனுஷனைக் கேட்டில் நிறுத்தியிருப்பார்கள். ஒருநாள் நின்றால் கூலி போகும், அது பரவாயில்லை. நாளைக் காலை முதல் ஷிப்டுக்குள் பாஸ் திரும்பவில்லையென்றால் அந்த இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். காண்ட்ராக்டில் ஒருமுறை கழன்றவனை மறுபடி யாரும் மாட்டமாட்டார்கள்.

"பத்து வருசங்க" என்றாள் மாணிக்கம்மாள். "பர்மனென்ட் ஆவோம் ஆவோம்னு அந்தத் தூசியிலயே கெடந்துட்டாரு. என்னைய உள்ள வெச்சிகினாலும் வெச்சிகிங்க. அவரு பாஸ மட்டும் உட்டுடச் சொல்லுங்க."

எழில்மதி எழுந்து ஜீப்புக்கு நடந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குச் சங்கரலிங்கத்தின் எதிர் குவார்ட்டர்ஸில் ஜானகியம்மாள் கதவைத் திறந்தாள். கணவர் ரிட்டயர்மென்டுக்கு மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பவர். ஜானகியம்மாளுக்கு எண்ண எதுவும் இல்லாததால் தெருவை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பவே கமலாகிட்டச் சொன்னேன் மேடம், அந்த மாணிக்கம்மாளை ரொம்ப உள்ள விடாதேன்னு. காலைல என் பின்கதவைத் தட்டினா பாருங்க, உடைச்சுடுவா போல. கதவுல இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கு. கொஞ்சமாவது நாகரிகம் வேணாம்?"

"உங்களை எழுப்பத்தானே தட்டினாங்க?"

"அதுக்கு முன்னாடியே சார் எழுப்பிட்டார். முன்வாசல்ல நின்னு பெல் அடிச்சார். விடாம அடிச்சார். எங்க வரிசை முழுக்க ஒவ்வொரு வீட்டு பெல்லா அடிச்சுக்கிட்டே போனார். வேற யாராவதுன்னா தான் தப்பிச்சாப் போதும்னு ஓடியிருப்பாங்க. தங்கமான மனுஷன்."

"மாணிக்கம்மாளும் முன்பக்கம் வந்து பெல் அடிச்சிருந்தா கதவு தப்பிச்சிருக்கும்."

ஜானகியம்மாள் சிரித்தாள். "அது எப்படி மேடம்? பாத்திரம் தேய்க்கிறவங்க முன்வாசல் பெல்லை அடிக்கிற வழக்கமெல்லாம் எங்க பிளாக்ல இல்ல."

"நாறினது கேஸ்தான்னு எப்படித் தெரிஞ்சது?"

"போன மாசம் லேடீஸ் கிளப்ல சார் கிளாஸ் எடுத்தாரே. கேஸுக்கு வாசனையே கிடையாதாம். கசிஞ்சா நமக்குத் தெரியணும்னு ஒரு மருந்தைக் கலக்கறாங்களாம். ஒரு சின்ன பாட்டில்ல அதைக் கொண்டுவந்து, பஞ்சுல ஒரே ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். ஹாலே நாறிப்போச்சு. என் புடவைலேருந்து போக நாலு தடவை துவைச்சேன். அதனாலதான் காலைல டக்குனு கண்டுபிடிச்சேன்."

எழில்மதி காபி வேண்டாமென்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் நின்று அனல்மின் நிலையத்துப் பக்கம் பார்த்தாள். சிம்னிப் புகை கம்பம் நட்டது போல் நேராக எழும்பி நின்றது.

"தமிழ்மாறா, காலைலயும் புகை இப்படித்தான நின்னுது?"

"ஆமா மேடம். பனி வேற. வேப்பிலை ஒண்ணு அசையல."

"காத்து இல்லாம நாத்தம் எப்படிப்பா ஊரு சுத்துச்சு?"

தமிழ்மாறன் தலையைச் சொறிந்தான். "ஒரே இடத்துல கசிஞ்சிருந்தா அங்கயேதான் நின்னிருக்கும். எங்க அக்கா வூடு வடக்கோரத்து பிளாக்கு. அதுக்கு ஆறேகாலுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. மாமாவை ஏத்தி வுட பஸ் ஸ்டாப்புல நின்னுகினு இருந்துதாம், பஸ் வந்து நின்னப்போ குப்புன்னு அடிச்சிச்சாம்."

எழில்மதி அவனையே பார்த்தாள். தெற்கோரம், நூலகத்துப் பக்கம், பெரிய மார்க்கெட், ஆஸ்பத்திரித் திருப்பம், வடக்கோரம். நாற்றம் நடந்த வழி அவளுக்குத் தெரிந்த வழி. சின்னப் பிள்ளையாக அம்மாவோடு அதே வழியில் எத்தனையோ விடியற்காலை நடந்திருக்கிறாள். பக்கத்தில் கம்பெனி பஸ் பாதி காலியாகப் போகும். அது பர்மனென்ட் ஆட்களுக்கு. மணல் சுமக்கிறவளும் பிள்ளையும் அதன் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

"முதல் ஷிப்ட் பஸ் இப்ப எங்க நிக்கும்?"

டிப்போவில் அந்த பஸ்ஸைத் தேட வேண்டியிருக்கவில்லை. மற்ற பஸ்களை அதனிடமிருந்து தள்ளி நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் ராஜேந்திரன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"கழுவறேன் கழுவறேன், போவமாட்டேங்குதும்மா. ஊர் நாத்தமெல்லாம் என் வண்டியில ஒட்டிக்கிச்சு."

"முதல் ஸ்டாப்புலயே நாறிச்சா?"

"அங்கதான் ஆரம்பம். அப்புறம் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நாத்தம். ஏறினவன் எல்லாம், எங்க பிளாக்குல நாறுதேன்னு வந்தேன், பஸ்ஸுக்குள்ளயும் நாறுதேங்கிறான். உள்ள இருக்கறவன், எங்க பிளாக்குலயும் அதேதான்பாங்கிறான். ஒரே கச்சேரி."

"வண்டிதான் நாறுதுன்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

ராஜேந்திரன் யோசித்தார். குழாயைக் கீழே போட்டார். "தோணலையேம்மா."

தோன்றாது என்று எழில்மதி நினைத்துக்கொண்டாள். அத்தனை பேரும் மெஷின் ஓட்டுகிறவர்கள், டிப்ளமோ வாங்கினவர்கள். நாற்றத்தைத் தாங்களே பிளாக் பிளாக்காகச் சுமந்துபோய் ஊரை நாறடித்துவிட்டு, கொட்டகையில் தூங்கினவன் மேல் பழி போட்டிருக்கிறார்கள்.

தமிழ்மாறன் பஸ்ஸின் பின்பக்கம் படுத்துப் பார்த்தான். பம்பருக்கு உள்பக்கம் கைப்பிடியளவு பஞ்சு, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவன் அதை எடுத்ததும் மூவரும் நான்கடி பின்வாங்கினார்கள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிய எங்க வெச்சிருந்தீங்க?"

"முதல் ஸ்டாப்புல. நிறுத்திட்டு டீ குடிப்பேன். தெனமும் அப்டித்தான்."

"பக்கத்துல யாராச்சும் வந்தாங்களா?"

"வாக்கிங் போறவங்க போவாங்க வருவாங்க. ஆங், சங்கரலிங்கம் சார் வண்டிக்குப் பின்னாலேருந்து வந்தாரு. எனக்கு வணக்கம் வெச்சாரு." ராஜேந்திரன் சிரித்தார். "நான் டீய கீழ ஊத்திக்கிட்டேன். எத்தினி வருசமா பார்க்கறேன், அந்த மனுசன் ஒரு டிரைவருக்கு வணக்கம் வெச்சதில்ல."

மாலை நான்கு மணி. சங்கரலிங்கத்தின் ஹாலில் கமலா, காயத்ரி, சாட்சிக்கென்று அழைத்ததும் முதல் ஆளாக வந்து சோபாவைப் பிடித்திருந்த ஜானகியம்மாள். மாணிக்கம்மாளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு எழில்மதி உள்ளே வந்தாள்.

"ஒத்துக்கிட்டாளா?" என்றார் சங்கரலிங்கம்.

"முடிஞ்ச மாதிரிதான் சார். ரிப்போர்ட் எழுதணும். எங்களுக்கு இந்த கேஸ் விஷயமெல்லாம் புரியாது. கசிஞ்சா என்னென்ன செய்யக்கூடாதுன்னு ஒரு தடவை சொல்லிடுங்களேன். தமிழ்மாறன் கேட்டுக்கட்டும்."

அவருக்கு அது பிடித்திருந்தது. எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"லைட்டைப் போடக்கூடாது. எரியற லைட்டை அணைக்கவும் கூடாது. இது நிறைய முட்டாள்களுக்குத் தெரியாது. ஃபேன், மிக்ஸி, மோட்டார் எதையும் தொடக்கூடாது. செல்போன் கூடாது. யாரையாவது எழுப்பணும்னா கையால கதவைத் தட்டணுமே தவிர, காலிங்..."

நின்றுவிட்டார்.

"காலிங் பெல்லை அடிக்கக்கூடாது" என்று ஜானகியம்மாள் முடித்துவைத்தாள், வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்த சந்தோஷத்தோடு. "பெல்லுக்குள்ள பொறி வரும். கிளப்லயும் சொன்னீங்களே சார்."

காயத்ரி மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"இந்த வரிசையில ஒவ்வொரு வீட்டு பெல்லையும் அடிச்சீங்க சார்" என்றாள் எழில்மதி. "விடாம அடிச்சீங்க. தங்கமான மனுஷன்னு தெருவே பேசுது. நிஜமா கேஸ் இருந்திருந்தா முதல் பெல்லுலயே நீங்க போயிருக்கணும், அவங்களும் போயிருக்கணும். அது உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

"பதட்டம்மா. பதட்டத்துல கை அடிச்சிருக்கும்."

"டார்ச்சைப் பிடுங்கிப் போட மட்டும் பதட்டம் இல்லையா? அது நாலு பேர் பார்க்க நடந்தது. அங்க பயம் காட்டணும்னு ஞாபகம் இருந்துச்சு. வாசல்ல தனியா நின்னப்போ மறந்துட்டீங்க. கேஸ் இல்லேன்னு உங்க விரலுக்குத் தெரிஞ்சிருக்கு."

"உளறாதீங்க. ஊர் பூரா நாறினதுக்கு நானா காரணம்?"

"நாறினது கேஸ் இல்ல, கேஸுல கலக்கற மருந்து. கிளப்புல காட்டினீங்களே, அந்த பாட்டில். பஞ்சுல ஊத்தி முதல் ஷிப்ட் பஸ்ஸுக்குப் பின்னாடி கட்டிட்டீங்க. மிச்சத்தை பஸ் பார்த்துக்கிச்சு. உங்க தெரு மட்டும் நாறினா உங்களைத்தான் கேப்பாங்க. டவுன்ஷிப்பே நாறினா யாரைக் கேக்கறது? பஞ்சு எங்ககிட்ட இருக்கு. வண்டிக்குப் பின்னாலேருந்து நீங்க வந்ததுக்கு டிரைவர் சாட்சி. அவருக்கு நீங்க வணக்கம் வெச்சிருக்கக் கூடாது சார். வழக்கம்போல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிருந்தா உங்களை அவர் ஞாபகம் வெச்சிருக்கவே மாட்டார்."

சங்கரலிங்கம் உட்கார்ந்தார்.

"கார் சாவியைக் குடுங்க. காலைலேருந்து பனியில நாலு கண்ணாடியையும் இறக்கி விட்டிருக்கீங்க. டிக்கியில என்ன நாறுதுன்னு பார்த்துடலாம்."

சாவியைக் கொடுத்தது அவர் அல்ல, கமலா. ஆணியிலிருந்து எடுத்துத் தமிழ்மாறனிடம் நீட்டினாள். அவன் போய் வந்தபோது ஒரு கையில் நாலைந்து பாலிதீன் பைக்குள் சுற்றிய சின்ன பாட்டில் இருந்தது. இன்னொரு கையில் நகைப்பெட்டி. எழில்மதி மூடியைத் தூக்கினாள். உள்ளே சிவப்பு வெல்வெட் துணி மட்டும் இருந்தது.

"நகை எங்க?" என்றாள் கமலா.

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். தீபாவளிக்கு முன்பே போய்விட்டது. போனில் ஒரு குரூப். பெரிய பெரிய ஆட்கள் இருக்கிற குரூப் என்று நினைத்தார். பணம் போட்டால் திரையில் கூடிக்கொண்டே போனது. எடுக்கப் போனபோது இன்னும் போடு என்றார்கள். ஒவ்வொரு நகையாக விற்றுப் போட்டார். ஒருநாள் குரூப்பே இல்லை.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிடி சொல்றது? எல்லாருக்கும் ஜாக்கிரதை ஜாக்கிரதைன்னு கிளாஸ் எடுக்கிறவன் நான். எவனோ முகம் தெரியாதவன்கிட்ட ஏமாந்தேன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

எழில்மதிக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு ஆள் கொஞ்சமாவது கனமாக இருக்க வேண்டும். நகையைப் பறிகொடுத்தவன் என்றால் வீடு தேடி வந்து ஆறுதல் சொல்வார்கள். ஏமாந்தவன் என்றால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஊரையே விடியற்காலையில் தெருவில் நிறுத்தியிருக்கிறார். அவர் கணக்கில் திருடன் ஒருவன் வேண்டும், முகம் இல்லாத திருடன் போதும். ஆனால் அவர் பெண் உள்ளே மாட்டிக்கொண்டாளோ என்று ஒருத்தி ஓடி வந்து சிலிண்டரை மூடினாள். அவருக்கு வசதியாகப் போயிற்று. முகம் கிடைத்துவிட்டது.

"சங்கரலிங்கம், நகை திருடு போகல. நீங்களே வித்துட்டு, ஊரைப் பயமுறுத்தி, பொய்ப் புகார் குடுத்திருக்கீங்க. ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க" என்றாள். 'சார்' காணாமல் போனதை ஜானகியம்மாள் கவனித்தாள். "அதுக்கு முன்னாடி போனை எடுங்க."

"போனா?"

"பாவாடை பாஸை நிறுத்தச் சொன்னீங்களே, அந்த சூப்பர்வைசர். கூப்பிட்டு விடச் சொல்லுங்க."

"இனிமே நான் சொன்னா யாரு கேப்பா?"

"இன்னும் அரை மணி நேரத்துக்குக் கேப்பாங்க. விஷயம் வெளிய போனா நாய்கூட கேக்காது. அதான் இப்பவே சொல்லுங்கறேன். ஸ்பீக்கர்ல போடுங்க."

அவர் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுங்க சார். அந்த ஆளை மதியமே திருப்பி அனுப்பிட்டேன் சார். நாளைக்கு வேற ஆள் பேசிட்டேன் சார்."

சங்கரலிங்கம் உதட்டை நனைத்துக்கொண்டார். "வேண்டாம்பா. தப்பு நடந்துபோச்சு. பாவாடைக்குப் பாஸைக் குடுத்துடு."

"யாரு தப்பு சார்?"

எழில்மதி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கமலாவும் பார்த்தாள்.

"என் தப்புதான்" என்றார் அவர். "காலைல முதல் ஷிப்டுக்கு அவரை ஏத்திடு."

"சரிங்க சார். சார் சொன்னா சரி சார். இப்பவே ஆள் அனுப்பிச் சொல்லிடறேன் சார்."

வராந்தாவில் மாணிக்கம்மாள் அதற்குள் எழுந்து நின்றிருந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கு முதல் ஷிப்டுன்னுதானங்க சொன்னாரு?"

"ஆமாக்கா. ஜீப்புல கொண்டுவந்து விடச் சொல்றேன்."

"ஜீப்பு வேணாங்க. நான் நடந்தே போய்க்கறேன். அந்த ஆளு வந்து சொல்றதுக்குள்ளாற எங்க வூட்டுக்காரரு எங்கயாவது குடிச்சுட்டுப் படுத்துடுவாரு. அப்புறம் காலைல எழுப்ப முடியாது."

கமலா வாசலுக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. என்ன சொல்வதென்று தெரியாமல், தினம் சொல்கிறதையே சொன்னாள்.

"காலைல வந்துடுவியா மாணிக்கம்?"

மாணிக்கம்மாள் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள்.

"காலைல அவருக்கு ஷிப்டும்மா. விடியறதுக்குள்ள சோறாக்கிக் கட்டித் தரணும். உங்க வூட்டுக்கு வேற ஆளப் பாத்துகிங்க."